ஆம்பூரில் பேய்கள் பட்ட பாடு

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, மல்லிகைப்பூ வாசத்தோடு ஒருத்தி எதிரே வந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டால் கையால் கொடுக்கக் கூடாது. கத்தி முனையிலோ ஆணி முனையிலோ வைத்து நீட்ட வேண்டும். மோகினியிடமிருந்து தப்பிக்கப் பாட்டிமார் சொல்லிவைத்த விதி இது. மற்ற ஊர்களில் இந்தக் கதையைக் கேட்டால் பிள்ளைகள் போர்வைக்குள் புகுந்துகொள்ளும். ஆம்பூரில் எடுபடாது. "சுண்ணாம்பாம்மா? குழியிலயே கெடக்குது, வேணுங்கறத அள்ளிக்க" என்பார் தோல்ஷாப் வாட்ச்மேன். பச்சைத்தோலிலிருந்து மயிர் கழற்றுவதற்கென்றே தொட்டி தொட்டியாகச் சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்கும் ஊர் அது. அந்தத் தொட்டி ஓரம் நின்றால் மல்லிகையாவது வாசமாவது! மோகினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாணியம்பாடி பஸ் ஏறிவிடுவாள். அங்கேயும் இதே நாற்றம்தான் என்பது இறங்கிய பிறகுதான் தெரியும்.

ஆம்பூர் சேர்ந்த பழைய வட ஆர்க்காட்டு வரலாற்றை நவாபு பக்கமிருந்து எழுதியிருக்கிறார்கள், வெள்ளைக்காரன் பக்கமிருந்து எழுதியிருக்கிறார்கள். பேய்கள் பக்கமிருந்து யாரும் எழுதவில்லை. எழுதினால், வந்த இடத்தில் எல்லாம் மனுஷனிடம் உதை வாங்கியவர்களின் வரலாறாக அது இருக்கும்.

பேய்க்கு ஆகாதவை என்னென்ன? இரும்பு, வேப்பிலை, விளக்குமாறு, செருப்பு. புது வீட்டு முகப்பிலும் லாரியின் பின்பக்கத்திலும் பழைய செருப்பைத் தொங்கவிடுவது எதற்கு? கண்ணேறும் காத்துக்கருப்பும் அண்டக் கூடாது என்றுதான். போகியன்று கூரையில் காப்புக் கட்டுகிறோமே, வேப்பிலையோடும் சிறுபூளையோடும் ஆவாரம்பூவையும் சேர்த்துச் செருகுகிறோம். ஒரு கொத்து ஆவாரம்பூவுக்கே கெட்டது கிட்டே வராது என்றால், இந்த ஜில்லாவில் என்ன நடந்தது பாருங்கள். குரோமியம் வருவதற்கு முன்னால் ஆவாரம் பட்டையை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து ஊறப்போட்டு, அந்தச் சாற்றில்தான் தோலைப் பதனிட்டார்கள். பதனிட்ட சரக்கு 'ஈ.ஐ. லெதர்' என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போயிற்று. காற்றில் ஆவாரம், குழியில் சுண்ணாம்பு, பட்டறையில் செருப்பு. எந்தப் பேய் குடித்தனம் பண்ணும்?

ஜப்பானில் நிலைமை நேர் எதிர். அங்கே செருப்பே பேயாகும். பாகேசோரி என்று பெயர். கவனிப்பாரற்றுக் கிடந்த வைக்கோல் செருப்புக்குக் கைகால் முளைத்து, ஒற்றைக் கண்ணை உருட்டிக்கொண்டு ராத்திரியில் வீட்டுக்குள் கூச்சல் போட்டபடி ஓடும். எந்தத் தட்டுமுட்டுச் சாமானுக்கும் நூறு வயசு ஆனால் உயிர் வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. குடை ஒற்றைக் காலில் குதிக்கும். இந்த ஜனத்தொகையைக் கணக்கெடுக்கத் தொரியாமா செக்கியன் என்ற ஓவியர் 1776-இல் புறப்பட்டு, படம் போட்டுப் பெயர் எழுதி ஒரு பட்டியலே வெளியிட்டார். அந்தச் செருப்புப் பேய் ஆம்பூருக்கு வந்திருந்தால் பயப்பட ஆளே இருந்திருக்காது. "ஜோடி எங்க? ஒத்தைய வெச்சுக்கினு என்னா பண்றது?" என்று கேட்டு, அடித்தோல் பிரிந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்திருப்பார்கள். இங்கே தைக்கிற ஷூ ஜெர்மனி, இத்தாலி, இங்கிலாந்து என்று போகிறது. அந்த நாட்டுப் பேய்களும் நம் ஆட்களால் கொஞ்சம் கலங்கிப் போயிருக்கும்.

ஆதியில் இங்கே பேய்களுக்கு நல்ல காலம் இருந்திருக்க வேண்டும். ஜவ்வாது மலையில் கீழ்ச்செப்பிலிப் பக்கம் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடிய கல்திட்டைகள் இருக்கின்றன. குள்ளமான வாலியர்கள் குடியிருந்த வீடுகள் என்பார்கள் மலைக்காரர்கள். தொல்லியல்காரர்கள் வந்து, இவை பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் என்று சொல்லிவிட்டார்கள். குள்ளர் குடியிருப்பு ஒரே நாளில் சுடுகாடாயிற்று.

முதல் அடி ஒன்பதாம் நூற்றாண்டில் விழுந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டில் நுளம்பர் படை ஆமையூருக்கு மாடு பிடிக்க வந்தது. ஆமையூர்தான் இன்றைய ஆம்பூர். அன்றைக்கே வெளியூர்க்காரன் கண் இந்த ஊர் மாட்டுத்தோல் மேல்தான். என்ன, உள்ளே இருக்கும் மாட்டோடு சேர்த்து ஓட்டிக்கொண்டு போகப் பார்த்தான். தடுத்துச் செத்தவர்களுக்கு நடுகல் நட்டுப் பெயர் வெட்டினார்கள். அகால மரணம், ரத்தக் காயம், தீராத கோபம் என்று பேயாவதற்கு வேண்டிய சகல தகுதியும் இருந்த ஆட்கள் அவர்கள். ஊரார் சும்மா விடுவார்களா? கல்லில் உட்காரவைத்து, பொங்கல் வைத்து, கும்பிட்டு, சாமியாக்கி வாயை அடைத்துவிட்டார்கள். திருவண்ணாமலை, செங்கம், தர்மபுரிப் பக்கம் போனால் வேடியப்பன் என்ற பெயரில் இப்படிப்பட்ட நடுகற்கள் இன்றைக்கும் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. பேய்ப் படையில் சேர வேண்டிய நல்ல நல்ல ஆட்களை எல்லாம் சாமிக் கட்சி இப்படி இழுத்துக்கொண்டது.

குடியாத்தம் கதை இதைவிட விசேஷம். ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகா தினமும் ஆற்று மணலிலேயே குடம் பிடித்துத் தண்ணீர் கொண்டுவருவாள், கற்பின் வலிமை. ஒருநாள் தண்ணீரில் வானத்துக் கந்தர்வனின் நிழல் தெரிய, அழகாயிருக்கிறானே என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள். குடம் உடைந்தது. தண்ணீர் வரத் தாமதமானதற்கு முனிவர் மகனைக் கூப்பிட்டு, தாயின் தலையை வெட்டச் சொன்னார். (வேலூர் மாவட்டத்தில் தண்ணீர் வரத் தாமதமாகிறது என்பதற்காக வெட்ட ஆரம்பித்தால் ஒரு தலை மிஞ்சாது.) பரசுராமன் கோடரியோடு துரத்த, ரேணுகா சேரிக்குள் ஓடி ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அடைக்கலம் கொடுத்த பாவத்துக்கு அவள் தலையும் சேர்ந்து விழுந்தது. அப்புறம் அப்பாவிடம் வரம் வாங்கி ஒட்டவைக்க வந்த பிள்ளை, அவசரத்தில் தலையையும் உடலையும் மாற்றி ஒட்டிவிட்டான். ரேணுகாவின் தலைதான் வைகாசி முதல் நாள் தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து புறப்பட்டு, லட்சக்கணக்கான ஜனத்தின் நடுவே கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு வந்து, அங்கே காத்திருக்கும் சண்டாளச்சி என்ற அந்தச் சேரிப் பெண்ணின் உடலில் பொருந்துகிறது. சிரசுத் திருவிழா என்றால் ஜில்லா முழுக்கத் தெரியும். தேங்காய் உடைப்பதில் தெருவே வெள்ளையாகிவிடும்.

எனக்கு இதில் ஒரு தாசில்தார் சந்தேகம் உண்டு. ரிஷிபத்தினி தலை, சேரிப் பெண் உடல். சாதிச் சான்றிதழ் எந்தப் பாதிக்கு? ஊர்வலம் போவது தலை. பெயரும் தலையின் திருவிழா. கூழையும் ஆட்டுக்கறியையும் தின்று செரிப்பது உடல். ரேணுகாவின் உடலில் ஒட்டிய அந்தச் சேரிப் பெண்ணின் தலைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் பூசாரிகள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். நியாயமாய்ப் பார்த்தால் பேயாய் வந்து பழிவாங்க வேண்டியவள் அவள். அவளுடைய உடலை அம்மனாக்கிப் பூ வைத்துவிட்டதால் வழக்கு அப்படியே தள்ளுபடி.

வட ஆர்க்காட்டில் தலை என்பதே தகராறுதான். பிரம்மாவுக்கு ஐந்து தலை இருந்தது. ஒன்றைச் சிவன் கிள்ளினார். அது அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டு, பிச்சையாய் விழுந்த சோற்றை எல்லாம் தானே தின்று தீர்த்தது. அங்காளம்மன் சமயோசிதக்காரி. சுடுகாட்டில் சோற்றைச் சூறைவிட்டாள், கபாலம் ஆசையில் கையைவிட்டுக் கீழே இறங்கியது, காலால் மிதித்துவிட்டாள். மகாசிவராத்திரிக்கு மறுநாள் வேலூர்ப் பாலாற்றங்கரையில் இதற்குத்தான் மயானக் கொள்ளை. காளி வேஷம் கட்டி, நாக்கைத் துருத்தி, வாயில் கோழியைக் கவ்விக்கொண்டு ஆட்கள் வருவதைப் பார்த்தால் எந்தப் பேயும் கதிகலங்கும். கொழுக்கட்டை, சுண்டல், தானியம், சில்லறை எல்லாம் சுடுகாட்டில் வாரி இறைக்கப்படும். அதைப் பேய்க்கென்று விட்டுவிட்டு வருவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? பிள்ளை வரத்துக்கு நல்லது, வியாதிக்கு நல்லது என்று முந்தானை விரித்துப் பொறுக்கி வந்துவிடுவார்கள். வருஷத்துக்கு ஒருநாள் பேய் வீட்டில் மனுஷன் அடிக்கிற கொள்ளை.

1749 ஆகஸ்டு 3-ஆம் தேதி ஆம்பூரில் நடந்த சண்டையில் ஆர்க்காட்டு நவாபு அன்வாருதீன் கான் யானைமேல் இருந்தபடியே குண்டடிபட்டு இறந்தார். சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரர்களும் ஜெயித்தார்கள். அத்தனை பேர் செத்த இடத்தில் ஒரு பெயர்பெற்ற பேய்கூடக் கிளம்பவில்லை. பாஷைப் பிரச்சினையாக இருக்கலாம். உடுக்கையை அடித்து "எந்த ஊர்றா நீ?" என்று பூசாரி கேட்கும்போது பதிலைப் பாரசீகத்தில் சொன்னால் யார் எழுதிக்கொள்வது?

1806-க்கு வருவோம். சென்னைப் படைத் தளபதி சர் ஜான் கிரடாக், சிப்பாய்கள் ஒரே சீராகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார். தாடியை எடு, நெற்றிக் குறியை அழி, கடுக்கனைக் கழற்று என்று உத்தரவு வந்தது. கூடவே தொப்பி மாதிரியான புதுத் தலைப்பாகை, அதில் தோலால் ஆன ஒரு பதக்கம். பேய் ஓட்டக் காலில் கிடக்க வேண்டிய தோலை மனுஷன் தலையில் ஏற்றினார் துரை. பசுத்தோலோ பன்றித்தோலோ என்று இரண்டு மதத்துக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் வயிறு கலங்கியது. மே மாதமே ஒரு பட்டாளம் போட மாட்டேன் என்றது; இரண்டு பேருக்குத் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடி விதித்தார்கள். ஜூன் மாதம் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய்ச் சொன்னான். கர்னல் அதைச் சுதேசி அதிகாரிகளிடமே விசாரிக்கக் கொடுத்தார். சதியில் இருந்தவர்களே அவர்கள்தான். ஆளுக்குப் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்து விலங்கு மாட்டிவிட்டார்கள். ஜூலை 10 விடிவதற்குள் வேலூர்க் கோட்டை சிப்பாய்கள் கையில் இருந்தது. திப்புவின் புலிக்கொடி ஏறியது. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர்கள் செத்தார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற துரை குதிரைப்படையோடு பாய்ந்து வந்து, காலை முடிவதற்குள் சிப்பாய்களை நூற்றுக்கணக்கில் கொன்று தீர்த்தார். முஸ்தபா பேக்குக்கு அன்றைக்குப் பைத்தியம் தெளிந்துவிட்டது. பரிசும் பென்ஷனும் கொடுத்தார்கள். கிரடாக்கும் கவர்னர் பெண்டிங்கும் வேலை போய் ஊர் திரும்பினார்கள்.

அந்த வருஷம் வதந்தி என்ற பேய்தான் எல்லோரையும் ஆட்டிவைத்தது. ஐதராபாத்தில் ஒரு புரளி. வெள்ளைக்காரர் பாரக்ஸ் கிணற்றடியில் புதையல் இருக்கிறது. குறிப்பிட்ட கணக்கில் மனுஷத் தலைகளைக் காவு கொடுத்தால்தான் அந்த இடத்துத் தெய்வம் விடும். அதற்காகத் துரைமார் ராத்திரியில் தலை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். ரெசிடென்சி பக்கம் தலையில்லாத முண்டம் ஒன்று கிடக்கவும், புரளிக்குக் கால் முளைத்துவிட்டது. தலைப்பாகை மாற்றப் போன துரைமாரைத் தலைவெட்டிப் பூதங்களாக ஜனம் நினைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தாடியில் கை வைத்தவன் கழுத்தில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வேலூரில் இத்தனை துரைமார் செத்தார்களே, ஒருத்தராவது பேயாய்த் தேறினாரா என்றால் இல்லை. 1809-இல் திருவிதாங்கூர் எல்லைச் சண்டையில் செத்த கேப்டன் போல் என்பவரின் சமாதிக்குத் திருநெல்வேலிச் சீமை ஜனங்கள் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டதைக் கால்டுவெல் எழுதிவைத்திருக்கிறார். தெற்கத்தி ஜனம் தாராளம். செத்த வெள்ளைக்காரனுக்கும் ஒரு பீடம், ஒரு குவார்ட்டர். வேலூரில் நூறு பேர் செத்தும் ஒருத்தருக்குக்கூட ஒரு சுருட்டு கிடைக்கவில்லை.

பேய் குடியேற அங்கே எப்படிப்பட்ட காலியிடம் இருந்தது! வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் நூற்றாண்டுக்கணக்கில் சாமி இல்லாமல் கிடந்தது. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. கல்யாண மண்டபத்தில் யாளியும் குதிரைவீரனுமாய் வாயைப் பிளந்து நிற்கும் தூண்கள். சுற்றிலும் முதலைகள் நீந்தியதாகச் சொல்லப்படும் அகழி. ஆளில்லாத கோயில் கிடைத்தால் பேய் விடாது என்பார்கள். இங்கே விட்டது. வெள்ளைக்காரன் ஆயுதக் கிடங்காக்கி, வேளை தவறாமல் காவல் போட்டிருந்தான். வெடிமருந்துப் பீப்பாய் மேல் எந்தப் பேய் படுத்துத் தூங்கும்? அப்புறம் தொல்லியல் துறை வந்தது. 1981 மார்ச்சில் லிங்கமே லாரியில் ஏறித் திரும்பி வந்துவிட, கடைசி வாய்ப்பும் போயிற்று.

மிச்சம் இருந்தது புளியமரம். சென்னை–பெங்களூர் ரோட்டின் இருபுறமும் வரிசையாய் நின்ற மரங்களில்தான் பாதிப் பேய்களின் ஜாகை. நாலுவழிச் சாலை போட்டபோது அத்தனையும் மண்ணோடு போயின. மரம் போனவர்களுக்கு இழப்பீடு உண்டு. மரத்தில் இருந்தவர்களுக்கு உண்டா? இன்றைக்கு பம்பை, உடுக்கை வைத்து ஓட்டினால் விசாரணை இப்படித்தான் போகும்:

"எங்கேர்ந்துடா வந்தே?"

"ஏரிக்கரைப் புளியமரம்."

"அந்த மரத்துக்கே திரும்பிப் போறியா?"

"வெட்டிட்டாங்க சாமி."

"அப்ப எங்க இருந்துக்கினு கீற?"

"பள்ளிகொண்டா டோல்கேட்டாண்ட."

முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் சடங்கே சூடுபிடிக்கும். பேய் பிடித்தவர் தலையில் ஒரு கல்லைத் தூக்கிவைப்பார்கள். அதன் கனம்தான் பேயின் கனம். கல்லோடு மரம்வரை ஓட வேண்டும். கல்லைப் போட்டதும் உச்சிமயிரில் ஒரு கொத்தைச் சுற்றி, மரத்தில் ஆணி வைத்து அறைவார்கள். பேய் அங்கேயே தங்கிவிடும். டோல்கேட்டில் எதில் அறைவது? ஃபாஸ்டேக் ஸ்கேனரிலா?

அதே ரோட்டில் இன்னொரு கொடுமை. ராத்திரியில் கறி எடுத்துப் போனால் பேய் பின்னாலேயே வரும். பாத்திரத்தில் ஒரு கரித்துண்டோ ஆணியோ போட வேண்டும் என்பது வழக்கம். ஆம்பூரில் தினம் எத்தனை அண்டா சீரகச்சம்பா பிரியாணி பொட்டலமாகிக் கார் ஏறுகிறது! நூற்று இருபதில் போகிற காரை ஓடித் துரத்தினால், கிருஷ்ணகிரி போவதற்குள் பேய்க்கே மூச்சு வாங்கும். கத்தரிக்காய் வாசனை வேறு.

ஜப்பானின் ஆற்றுப் பேய் காப்பாவை வரவழைத்தாலும் இங்கே பிழைக்காது. அதன் உச்சந்தலையில் ஒரு கிண்ணிப் பள்ளம். அதில் தண்ணீர் இருக்கும்வரைதான் பலம். வணக்கம் சொன்னால் மரியாதைக்குக் குனியும், தண்ணீர் கொட்டிவிடும், ஆள் காலி. தோனோ என்ற ஊரில் வெள்ளரிக்காயைத் தூண்டிலில் கட்டி காப்பா பிடிக்கச் சுற்றுலாச் சங்கமே லைசென்ஸ் கொடுக்கிறது. பாலாற்றில் தலையை நனைக்கவே தண்ணீர் கிடையாது. ஊற்றுத் தோண்டினால் வருவதைக் கிண்ணியில் ஊற்றிக்கொண்டால், குரோமியத்தில் காப்பாவின் தோல் பதமாகி, எக்ஸ்போர்ட் குவாலிட்டிக்கு வந்துவிடும். 2021 நவம்பரில் கரைபுரண்ட வெள்ளம் வந்தது உண்மைதான். அப்படி எப்போதாவது வரும் வெள்ளத்தை நம்பி எந்தக் காப்பா காத்திருக்கும்?

எல்லா இடத்திலும் விரட்டப்பட்ட பேய்க்குக் கடைசியில் ஒரு முறையான அலுவலகம் உண்டென்றால் அது சோளிங்கர். கடிகாசலம் என்றும் சொல்வார்கள். சப்தரிஷிகளை அரக்கர்கள் தொல்லை பண்ண, நரசிம்மர் தன் சங்கு சக்கரத்தையே ஆஞ்சநேயரிடம் கொடுத்து அனுப்பினாராம். அதனால்தான் சின்ன மலையில் நாலு கையோடு யோகத்தில் உட்கார்ந்திருக்கிறார் அனுமார். இங்கே ஒரு நாழிகை இருந்தாலே மோட்சம் என்பார்கள். அடிவாரத்துத் தக்கான் குளத்தில் விடியற்காலை முழுக்குப் போட வைத்து, ஈரத் துணியோடு படியேற்றுவார்கள். தலைவிரி கோலமாய் உறுமிக்கொண்டு வருகிறவளின் பக்கத்தில் அவள் மாமியார் டிபன் கேரியரோடு நடப்பாள். வீட்டில் எந்நேரமும் வாயடைத்துக் கிடந்த மருமகள் இங்கே மாமியாரையும் புருஷனையும் ஒருமையில் திட்டலாம். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது, திட்டுவது பேய். எனக்கு அந்தப் பேய்கள் மேல் தனி மரியாதை உண்டு. இதே காரியத்தை வேறு பாணியில் செய்கிற இடம் வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையம். அங்கேயும் நோயாளியோடு வீட்டுக்காரர்கள் தங்கியாக வேண்டும். இரண்டு இடத்துக்கும் மாறி மாறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் அவர்களுக்கு ஒரு முரண்பாடும் தெரிவதில்லை. மாத்திரையைத் தீர்த்தத்தோடு விழுங்கிவிடுகிறார்கள்.

2024-இல் சோளிங்கருக்கு ரோப் கார் வந்தது. வயசானவர்களும் முட்டிவலிக்காரர்களும் 1,305 படிகளை மறந்துவிட்டுக் காற்றில் மிதந்து போகிறார்கள். பிடித்தவரும் பிடித்ததும் சேர்ந்து ஏறினால் ஒரு டிக்கெட்டா, இரண்டா என்று கவுண்டரில் தகராறு வரும் என எதிர்பார்த்தேன். வராது. ரோப் கார் போவது நரசிம்மர் இருக்கும் பெரிய மலைக்கு. பேய்களின் கேஸ் நடப்பது அனுமாரின் சின்ன மலையில். அங்கே 406 படிகள். பேய், தான் பிடித்த ஆளைச் சுமந்துகொண்டு ஏறியாக வேண்டும்.